ஒரு கேமரா, மூன்று நாட்டாமை

உறை போடாத பொருளைக் கண்டால் அகமது மீரானுக்குக் கை பரபரக்கும். மேலப்பாளையத்தில் அவர் வீட்டு டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பாலிதீன் உறைக்குள்ளேயே காலம் தள்ளி, உறை மஞ்சளேறி, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டது. சத்தத்தைக் கூட்டப் போனால் சேனல் மாறும். சோபா கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக்கோடேதான் இன்னும் இருக்கிறது. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் முதுகோடு அதுவும் கூடவே வரும். பிரிட்ஜ் கைப்பிடிக்குச் சட்டை, மிக்சிக்குப் பாவாடை. இத்தனையும் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி ஜமீலா பீவிதான். தைக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு வயிற்றெரிச்சலாக மாறியது மகள் ரைஹானத்தின் கல்யாணத்தில்.

அந்தக் கல்யாணத்தில் ஜமீலாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகள் மணக்கோலத்தில் இருக்கும்போது பக்கத்தில் தானும் உட்கார்ந்து ஒரு படம். ஜமீலாவின் சொந்தக் கல்யாணத்தில் படமே எடுக்கவில்லை. மாமனார் கூடாது என்று சொல்லிவிட்டார்; அவர் சொன்னால் ஏன் என்று கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கல்யாணத்தன்று தான் எப்படி இருந்தோம் என்பது இன்றைக்கு ஜமீலாவுக்கே நினைவில்லை. "எம் மவளுக்கும் அந்தக் கதி வரப்பிடாது, சொல்லிட்டேன்" என்று நிச்சயம் பேசிய அன்றே சொல்லிவைத்தாள். மீரான் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

ஆனால் படம் எடுப்பது இப்போது அவ்வளவு லேசான காரியமில்லை. போன வருசம் பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் பெண்கள் பகுதியில் யாரோ ஒருத்தி போனில் எடுத்த படம், பந்தி முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஏறி வளைகுடா முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. தலைமுக்காடு இல்லாமல் நின்ற பிள்ளைகள் எல்லாம் அழுதார்கள். அதிலிருந்து அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் வாசலிலேயே ஒரு பெரிய ஓலைக்கூடை. போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இதைப் பெண்களே கூடிப் பேசி வைத்தது. அதனால் ஒழுங்காக நடந்தது.

அப்புறம் படத்துக்கு என்ன வழி? வழி சொன்னவள் ரைஹானத். "நெட்டு இல்லாத சின்ன கேமரா ஒண்ணு வாங்குவோம் உம்மா. அதுல எடுத்தா எங்கயும் ஓடிப் போகாது. நம்ம ஃபர்ஹத் எடுப்பா." ஃபர்ஹத் ஜமீலாவின் தங்கை மகள், கை நடுங்காத பிள்ளை. சார்ஜாவில் இருந்து வந்த ஒரு சொந்தக்காரர் கையோடு கேமராவும் வந்து சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான் அளவு. காரியம் அத்தோடு முடிந்திருக்கவேண்டும். கேமராவுக்கு உறை இல்லை என்பதை மீரான் பார்த்துவிட்டார்.

வண்ணார்பேட்டையில் பெருமாள்ராஜ் கடைக்கு அவர் ஜமீலாவையும் கூட்டிக்கொண்டு போனார். செல்போனுக்கும் கேமராவுக்கும் வேண்டிய சில்லறைச் சாமான்கள் எல்லாம் கூரையிலிருந்து சரம் சரமாகத் தொங்குகிற கடை. மீரான் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதற்குள் இருந்த பாலிதீன் பையை எடுத்து, அதற்குள் இருந்த கேமராவை எடுத்து மேசையில் வைத்தார்.

பெருமாள்ராஜ் ஒரு சின்னப் பையை எடுத்துப் போட்டான். மெத்தென்ற துணி, சுற்றி ஜிப்பு, கழுத்தில் மாட்ட ஒரு கயிறு. கேமரா அதற்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஜமீலா ஒற்றைக் கையால் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். திறந்தது. மூடியது.

"இது போதும்ங்க. ஃபர்ஹத் கழுத்துல போட்டுக்கிட்டா, நெனச்ச நேரம் எடுத்துக்கிடலாம்" என்றாள்.

"நீ சும்மா இரு. இது சுருக்குப்பை. வெத்தலைபாக்கு வைக்கலாம்" என்றார் மீரான். "கீழ விழுந்தா என்ன ஆவும்?"

"கழுத்துல கெடக்கது எதுக்கு அண்ணாச்சி கீழ விழுது?" என்றான் பெருமாள்ராஜ்.

"கழுத்தோட ஆளு விழுந்தா?"

பெருமாள்ராஜ் அந்தப் பையைத் திரும்பச் சரத்தில் மாட்டினான். பிறகு பழுப்பு நிறத்தில் அழகான ஒரு உறையை எடுத்து வைத்தான். மீரான் அதை மோந்து பார்த்தார். "எந்த உருப்படியோட தோலு இது? நாங்க அதெல்லாம் பாக்கணும்லா."

"தோலே இல்ல அண்ணாச்சி. ரெக்சின்."

மீரானுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மறு நொடியே கோபமாகிவிட்டது. "அப்போ போலின்னு சொல்லு. போலிய எங்கிட்ட விக்கப் பாக்குதியோ?"

சிவப்பு உறை வந்தது; கண்ணை உறுத்துகிறது. கறுப்பு வந்தது, வெயிலில் சூடேறும். பொத்தான் வைத்தது வந்தது. பொத்தான் போட்டால் நம்பமுடியாது. ஜமீலா பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை சல்மான் ஃபாரிஸைப் பார்க்க ஏர்வாடிக்குப் போன அன்று இந்த மனுசர் கேட்டது ரெண்டே கேள்விதான் என்பது அவள் ஞாபகத்துக்கு வந்தது. எந்தக் கம்பெனி, எப்போ லீவு. அதற்கு மேல் துருவினால் மரியாதை இல்லை என்று எழுந்து வந்துவிட்டார். பெற்ற பெண்ணைக் கொடுக்கப் போகும் இடத்தில் துருவாதவர், கேமராவைக் கொடுக்கப் போகும் உறையின் தையலைப் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை பெஞ்சா?" என்றார்.

"தண்ணி புகாது அண்ணாச்சி."

"மழைன்னா சும்மா தூத்தல் இல்லவே. அன்னைக்கு தாமிரபரணில வெள்ளம் வந்து ஊரையே அடிச்சிட்டுப் போச்சுல்லா. அது மாரி வந்தா மிதக்குமா?"

"மிதக்கும். நீங்க முங்கினாலும் அது மிதக்கும்" என்றான் பெருமாள்ராஜ்.

புர்காவுக்குள் ஜமீலா சிரித்தது நல்லவேளை யாருக்கும் தெரியவில்லை. மீரான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை, மனதுக்குள் குறித்துக்கொண்டார். கடைசியில்தான் அவருடைய உண்மையான கேள்வி வந்தது. "பூட்டு உண்டாவே?"

பெருமாள்ராஜ் பெருமூச்சு விட்டு ஏணியில் ஏறி, பரணில் தூசி படிந்து கிடந்த ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கினான். கனத்த பிளாஸ்டிக். உள்ளே பஞ்சு மெத்தை. முன்பக்கம் மூன்று எண் சக்கரம் வைத்த பூட்டு. "இது கேமராவுக்கு உள்ளதே இல்ல அண்ணாச்சி. ரோடு அளக்கவங்க அவங்க மெசினை வச்சுக்கிட்டுப் போறது. ஒருத்தர் சொல்லிவச்சுட்டு வரவே இல்ல." சொல்லிவிட்டுப் பெட்டியின் மேல் ஏறி நின்றும் காட்டினான். பெருமாள்ராஜ் ஒல்லியான ஆளில்லை. பெட்டி முனகக்கூட இல்லை. மீரானின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை ஜமீலா ரைஹானத் பிறந்த அன்றைக்குப் பிறகு பார்க்கவில்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். ஆட்டோவில் மீரான் மடியில் பெட்டி வந்தது. பெட்டியின் மெத்தையில் ஒரு மூலையில் கேமரா, பெரிய பந்தியில் தனியாக உட்கார்ந்த ஆள் மாதிரி கிடந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய மற்ற பைகள் எல்லாம் ஜமீலாவின் கையில்.

மீரான் தெருப் பள்ளிவாசலின் பொருளாளர் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். அங்கே உண்டியலுக்கு மூன்று பூட்டு. தலைவரிடம் ஒரு சாவி, செயலாளரிடம் ஒரு சாவி, பொருளாளரிடம் ஒரு சாவி. மூன்று பேரும் கூடி நின்றால்தான் திறக்கும். அந்த ஏற்பாட்டில் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை, வரவும் வராது. உண்டியல் அவசரப்படாது, திறக்கிற வரைக்கும் பேசாமல் இருக்கும். மணப்பெண்ணையும் உண்டியலையும் ஒன்றாகப் பார்க்கிற மூளை அல்லாஹ் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. மீரானுக்குக் கொடுத்திருந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் தகப்பனார் மைதீன் பிச்சை ஏர்வாடியிலிருந்து பேச வந்தார். மீரானின் தம்பி ஹசன் அலியும் வந்திருந்தார். பெட்டி நடுவில் வைக்கப்பட்டது.

"என் மருமவ படமும்லா இதுக்குள்ள இருக்கப் போவுது. எங்களுக்கும் ஒரு பொறுப்பு வேணும்லா" என்றார் மைதீன் பிச்சை.

"சாச்சான்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன் காக்கா?" என்றார் பெண்ணின் சித்தப்பா ஹசன் அலி, அண்ணனைப் பார்த்து.

பூட்டில் மூன்று சக்கரம், எதிரே மூன்று ஆண்கள். மீரானுக்கு அது ஆண்டவன் போட்ட கணக்காகவே தெரிந்தது. ஆளுக்கு ஒரு எண். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியக்கூடாது. அது அமானத், நம்பி ஒப்படைத்த ரகசியம். கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டு, ஒவ்வொருவராகக் குனிந்து தன் சக்கரத்தைத் திருப்பினார்கள். மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பலகாரத் தட்டோடு வந்த ஜமீலாவுக்கு, வளர்ந்த மூன்று ஆண்கள் கண்ணாமூச்சி விளையாடுவதாகத்தான் பட்டது.

"வாப்பா, அன்னைக்கு நீங்க மூணு பேரும் பந்தில நிப்பிய. இதை யாரு தொறப்பா?" என்று ரைஹானத் உள்ளேயிருந்து கேட்டாள்.

"நேரத்துக்கு மூணு பேரும் வந்து தொறந்து குடுத்துட்டுப் போவோம். இது என்ன பெரிய வேலையா?"

"காலைலயே தொறந்து ஃபர்ஹத் கையில குடுத்துருங்களேன். படம் எடுத்த பொறவு வேணும்னா பூட்டிக்கிடுங்க" என்றாள் ஜமீலா.

"தொறந்து கெடந்தா அது எதுக்குப் பெட்டி?" என்றார் மீரான். மைதீன் பிச்சையும் ஹசன் அலியும் தலையாட்டினார்கள். பெண்களின் மானத்தைக் காப்பாற்ற எடுத்த முடிவில் பெண்களுக்குப் பேச்சில்லை என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து.

கல்யாண நாள் வந்தது. மண்டபத்தில் கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். வாசல் கூடை போன்களால் நிரம்பி வழிந்தது. நிக்காஹ் முடிந்து துஆ ஓதிய சத்தம் மேலே கேட்டதும் ரைஹானத் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மயில்கழுத்துப் பச்சையில் பட்டு. நெற்றிச்சுட்டி கொஞ்சம் ஒருக்களித்துக் கிடந்தது. கண்ணில் நீர் நிற்கிறது, உதட்டில் சிரிப்பும் நிற்கிறது; எது முதலில் விழும் என்று சொல்லமுடியாது. அவள் கை வியர்த்து நனைந்திருந்தது. ஜமீலாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்த முகம்தான் அவளுக்கு வேண்டும். இந்த நிமிசம்தான் வேண்டும்.

"ஃபர்ஹத், எடு பிள்ள" என்றாள்.

ஃபர்ஹத் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "பூட்டிக் கெடக்கு பெரிம்மா. யாரும் வரல."

ஜமீலா மகள் கையை விடுவித்துக்கொண்டு பெட்டியோடு படியிறங்கி, ஆண்கள் பகுதித் திரைக்கு அருகில் நின்று ஆள் விட்டாள். மீரான் வந்தார். பெட்டியின் மேல் கவிழ்ந்து தன் சக்கரத்தைத் திருப்பினார். ஹசன் அலி சமையல் பக்கத்தில் சஹன் எண்ணிக்கொண்டிருந்தார். நாலு பேர் கூடி உண்கிற அந்தப் பெரிய தட்டுகளில் எத்தனை எந்தப் பந்திக்குப் போகிறது என்று பார்ப்பது அவர் பொறுப்பு. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் நெய்க் கையோடு வந்தார். காக்காவைச் சுவர் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தொட்டார். வழுக்கிய விரல் தன் சக்கரத்தோடு காக்காவின் சக்கரத்தையும் சேர்த்தே நகர்த்தியது. அதைப் பார்த்தவள் ஜமீலா ஒருத்திதான். சொன்னாள். "நீங்க பாத்தியளா மைனி? எண்ணைப் பாத்தியளா?" என்று ஹசன் அலி பதறினார். எண் தெரிந்துவிட்டதோ என்பதுதான் அவர் கவலை. நகர்ந்த சக்கரத்தை யாரும் சரிசெய்யவில்லை.

மைதீன் பிச்சை வரவில்லை. முதல் பந்தியில் ஏர்வாடி ஆட்களுக்கு சஹன் வர நேரமாகிவிட்டது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீரான் போய்க் கெஞ்சினார். ஹசன் அலி போய்க் கெஞ்சினார். ஒரு சஹன் இறைச்சி தனியாகப் போன பிறகு அவர் எழுந்து வந்தார், பைய வந்தார், சக்கரத்தைத் திருப்பினார், இழுத்தார். பெட்டி திறக்கவில்லை.

"நீரு எண்ணை மறந்துட்டீரு" என்றார் மைதீன் பிச்சை, ஹசன் அலியைப் பார்த்து.

"நான் மறக்கல. உங்களுக்குத்தான் கோவத்துல எல்லாம் மறந்து போச்சு."

"ஆளுக்கொரு எண்ணைச் சொல்லுங்க. ஃபர்ஹத் திருப்பிக்கிடுவா" என்றாள் ஜமீலா.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அமானத்தை எப்படிம்மா வெளிய சொல்ல?" என்றார் மைதீன் பிச்சை. மார்க்கத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கேமராப் பெட்டிக்கு மார்க்கத்தில் என்ன இடம் என்று கேட்க ஜமீலாவுக்கு நாக்கு துடித்தது. சம்மந்திக்கு முன்னால் பேசாமல் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

மாடியில் ஃபர்ஹத் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகத் திருப்பத் தொடங்கினாள். சுற்றி நின்ற பெண்கள் சத்தமாக எண்ணினார்கள். விரல் வலித்தபோது இன்னொருத்தி வாங்கித் திருப்பினாள். ஒருத்தி கூடையிலிருந்து போனை எடுத்து வந்துவிடலாமா என்று கேட்டாள். ஜமீலாவின் கால் வாசல் வரை போனது. போய் நின்றது. உள்ளே இருக்கும் பிள்ளைகள் எல்லாம் கூடையை நம்பித்தான் முக்காட்டை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவளே போனை எடுத்தால், அப்புறம் யார் எடுக்கமாட்டார்கள்? போனவருசம் அழுத பிள்ளைகளில் இரண்டு பேர் அங்கேயே நின்றார்கள். அவள் வெறுங்கையோடு திரும்பிவந்தாள்.

பாதி எண்கூடத் தாண்டவில்லை. அந்தி மஃரிபு தொழுகைக்குள் ஏர்வாடி போய்ச் சேரவேண்டும், கார் வந்தாச்சு என்று கீழிருந்து குரல் வந்தது. ஜமீலா பெட்டியை வாங்கி மாடிப்படியின் கருங்கல் விளிம்பில் ஓங்கி அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் அடித்தாள். கல்லில் ஒரு சில்லு பெயர்ந்தது. பெருமாள்ராஜ் பொய் சொல்லவில்லை.

"உம்மா, விடுங்க" என்று ரைஹானத் வந்து அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கை இன்னும் வியர்த்துத்தான் இருந்தது. புர்காவை மாட்டினாள், படியிறங்கினாள், காரில் ஏறினாள். கார் திரும்புகிற வரைக்கும் ஜமீலா பார்த்துக்கொண்டே நின்றாள். திரைக்கு அந்தப் பக்கம் மீரானும் ஹசன் அலியும் யார் சக்கரம் எங்கே நகர்ந்தது என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டாம் நாள் மைதீன் பிச்சை ஒரு வேலையாக மேலப்பாளையம் வந்தார். மூவரும் கை கழுவி, கைக்குட்டை போட்டு, சுவரைப் பார்த்து, ஒவ்வொருவராகத் திருப்பினார்கள். பெட்டி ஒரே இழுப்பில் திறந்தது. கேமரா பஞ்சு மெத்தையில் பளபளவென்று கிடந்தது.

"பாத்தியா ஜமீலா? பூட்டுல ஒரு கோளாறும் இல்ல. கேமராவுல ஒரு கீறல் உண்டா பாரு" என்றார் மீரான்.

ஜமீலா கேமராவைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு எம் மவ என்ன நிறத்துல உடுத்திருந்தா?" என்று கேட்டாள்.

மீரான் யோசித்தார். தம்பியைப் பார்த்தார். "சிவப்புதான. கல்யாணப் பட்டுன்னா சிவப்புத்தான இருக்கும்" என்றார். ஜமீலாவின் முகம் போன போக்கைப் பார்த்து, தப்பு என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். "இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்குத? மறுவீட்டுக்கு வருவாள்லா. அதே பட்டை உடுத்தச் சொல்லி எடுத்தாப் போச்சு. சேலை அதேதான, ஆளும் அதேதான?"

மறுவீட்டு விருந்தன்று பெட்டி விடியலிலிருந்தே திறந்து கிடந்தது. மைதீன் பிச்சையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியாகிவிட்டது. ரைஹானத் பட்டை உடுத்தி வந்தாள். நெற்றிச்சுட்டி நேராக இருந்தது. மாமியார் வீட்டில் யாரோ சரியாக மாட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜமீலா அவள் கையைத் தேடிப் பிடித்தாள். ஈரமில்லாத, குளிர்ந்த கை. பிடித்துக் கொஞ்ச நேரத்தில் அது பைய நழுவிப் போய்க் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது.

"சீக்கிரம் எடு ஃபர்ஹத். மாமி சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்லிருக்காவ" என்றாள் ரைஹானத்.

ஃபர்ஹத் எடுத்தாள். கை நடுங்காத பிள்ளை. படம் கண்ணாடி மாதிரி வந்தது. இன்னும் நாலைந்து எடுத்தாள். எல்லாமே ஒன்றுபோல இருந்தன.

விருந்தாட்கள் போன பிறகு மீரான் கேமராவை எடுத்துக்கொண்டு வந்து ஜமீலாவிடம் நீட்டினார். ஹசன் அலியிடமும் மற்றவர்களிடமும் ஏற்கெனவே காட்டியாகிவிட்டது. எல்லோரும் கல்யாணப் படம் அருமை என்று சொல்லியிருந்தார்கள். அவர் குரலில் பெருமை கொஞ்சமும் குறையவில்லை. "நீ கேட்டதுக்கு இப்ப சரியாப் போச்சுல்லா? எப்படி இருக்கு, சொல்லு."

ஜமீலா அந்தச் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தாள். மயில்கழுத்துப் பட்டு, நேரான சுட்டி, அளவான சிரிப்பு, கைப்பை.

"விருந்துக்கு வந்த புள்ள நல்லா இருக்கா" என்றாள். "எம் மவளத்தான் காணல."